சாசேஜ் நாய்க்கு முதுகு டிஸ்க்: கூண்டில் 12 நாள், ஆயா திறந்து விடுகிறார், என்ன செய்வது?

செல்வி, சாட்ஸ்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மினியேச்சர் சாசேஜ் நாய் (டாக்ஸ்ஹண்ட், நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள ஜாதி), ஆண், 5 வயது, பெயர் சிம்பா. (ஒரு சாண் உயரத்துக்குச் சிங்கத்தின் பெயர் வைத்தது என் தம்பி, நான் இல்லை.) 12 நாளைக்கு முன்னால், சனிக்கிழமை காலை, பின்பக்கச் சுவரில் குரங்குக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சமையலறையில் ஒரு வாழைப்பழம் இருந்தால் அதுகளுக்கு மூன்று தெரு தள்ளித் தெரிந்துவிடும். சிம்பா படிக்கட்டில் ஏறித் தாவித் தாவிக் குரைத்தான், நடுவில் ஒரு தடவை வீல் என்று கத்தினான், அவ்வளவுதான். அப்புறம் நாள் முழுக்க முதுகைக் கூனிக்கொண்டு ஒரு மூலையில் நின்றான், தூக்கப் போனால் அழுதான். சாயங்காலம் பின்கால் இரண்டும் குடித்தவன் கால் மாதிரி பின்ன ஆரம்பித்தது. ஞாயிறு காலை பார்த்தால் பின்பாதியைத் துணிமூட்டை போல இழுத்துக்கொண்டு வருகிறான்.

முதலில் உண்ணி கடித்துப் பிலியரி (உண்ணிக் காய்ச்சல்) வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம், இந்த ஊரில் நாய் சுருண்டு விழுந்தால் முதலில் அதைத்தானே நினைக்கிறோம். ஆனால் ஈறு வெளுக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. டாக்டர் பின்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்த்தார், சிம்பா திரும்பிக் கடிக்க வந்தான், "கடிக்க வரட்டும், அது நல்ல சேதி" என்றார். முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது, மொத்தம் 5 நிலை, இது 4: கால் அசையவில்லை, ஆழத்து வலி மட்டும் தெரிகிறது என்று சொன்னார். அறுவை சிகிச்சைதான் அவருடைய முதல் யோசனை. செலவைக் கேட்டுவிட்டு நானும் தம்பியும் கார் பார்க்கில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இன்சூரன்ஸ் கிடையாது. முடியவில்லை, அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. அதனால் வலிக்கு மெலாக்சிகாம் சொட்டு, காபாபென்டின், கூடவே 6 வாரம் கூண்டு.

இப்போது என் குழப்பங்கள். நான்கு நாளாகக் கால் கொஞ்சம் அசைகிறது, நேற்று இரண்டு விநாடி நின்று விழுந்தான். முகமும் தெளிந்துவிட்டது, சாப்பாட்டுக்குக் குரைக்கிறான். எங்கள் பாட்டிக்கு (ஆயா என்றுதான் கூப்பிடுவோம்) 81 வயது, "வாயில்லா ஜீவனை ஜெயிலில் போட்ட பாவம் உன்னைச் சும்மா விடாது" என்று தினமும் வசவு. நான் வேலைக்குப் போனதும் கூண்டைத் திறந்துவிடுகிறார் என்று நினைக்கிறேன், கேட்டால் இல்லை என்கிறார், ஆனால் சோபாவுக்கு அடியில் ஈரம் இருக்கிறது. இவ்வளவு தேறியவனை ஒரு மணி நேரம் வெளியே விட்டால் என்ன என்று எனக்கே தோன்றுகிறது.

சிறுநீர் விஷயம். வயிற்றை அழுத்தி எடுக்க டாக்டர் காட்டிக் கொடுத்தார், எனக்குக் கை வரவில்லை. ஆனால் படுக்கை எப்போதும் நனைந்துதான் இருக்கிறது, தூக்கினால் என் மேலேயே போகிறான், அதனால் தானே போகிறான் என்று விட்டுவிட்டேன். வாடை மட்டும் இரண்டு நாளாக அதிகம். பக்கத்து வீட்டு அங்கிள் தன் பழைய நாய்க்கு வாங்கிய பிரெட்னிசோன் மாத்திரை மிச்சம் வைத்திருக்கிறார், ஒன்று கொடு, மறுநாளே ஓடும் என்கிறார். போதாததற்குத் தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான், எங்கள் தெருவில் வெடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வெட் நர்ஸ், டர்பன்

செல்வி, கால்நடை ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், இரண்டு விஷயத்தை மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன், மற்றதை ராத்திரி வந்து எழுதுகிறேன்.

அந்தப் பிரெட்னிசோனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது ஸ்டீராய்டு. மெலாக்சிகாம் குடிக்கும் நாய்க்கு அதன் மேல் ஸ்டீராய்டு கொடுத்தால் வயிற்றிலும் குடலிலும் புண் வந்து, சில நாய்களுக்கு ஓட்டையே விழுந்துவிடும். முதுகைக் காப்பாற்றப் போய் வயிற்றால் செத்த நாயை என் கையால் துடைத்திருக்கிறேன். அங்கிள் நல்ல மனசில்தான் சொல்லியிருப்பார், மாத்திரையை வாங்கி எங்காவது தொலைத்துவிடுங்கள். அதே மாதிரி வீட்டில் இருக்கும் பனாடோ (பாரசிட்டமால்), புரூஃபன் மாதிரி வலி மாத்திரை எதுவும் நாய்க்கு ஆகாது. மெலாக்சிகாமைச் சோற்றோடுதான் கொடுக்க வேண்டும். வாந்தி, கறுப்பாகத் தார் மாதிரி மலம், சாப்பிட மறுப்பது, இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்கள்.

இரண்டாவது, சிறுநீர். எனக்கு அதிகப் பயம் இதில்தான். படுக்கை நனைவதும் தூக்கும்போது ஒழுகுவதும் தானே போவதற்கு அடையாளமே இல்லை. தொட்டி நிரம்பி மேலே வழிகிறது என்று அர்த்தம். உள்ளே சிறுநீர்ப் பை முழுக்க நிறைந்துதான் இருக்கும். வாடை வேறு மாறியிருக்கிறது என்கிறீர்கள், தொற்று வந்திருக்கலாம். இன்றைக்கே, நாளைக்கு இல்லை, டாக்டரிடம் கொண்டுபோய்ப் பையைக் காலி பண்ணிச் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா

அம்மா செல்வி, நர்ஸ் பிள்ளை சொன்னதை முதலில் செய்துவிட்டு வந்து இதைப் படி. 40 வருஷமாக வோர்ஸ்ஹோண்ட் (சாசேஜ் நாய்க்கு ஆப்பிரிக்கான்ஸ் பெயர்) வளர்க்கிறேன், இரண்டுக்கு முதுகு போனது, ஒன்றை நானே கெடுத்தேன், அதனால் சொல்லும் உரிமை உண்டு.

டிஸ்க் என்பதை ஆயாவுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று கேட்டால், கொழுக்கட்டையைக் காட்டு. மேல்மாவு, உள்ளே பூரணம். நல்ல நாய்க்குப் பூரணம் ஜெல்லி மாதிரி மெத்தென்று இருந்து அதிர்ச்சியைத் தாங்கும். இந்த நீள முதுகு ஜாதிக்குச் சின்ன வயசிலேயே அது காய்ந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் குரங்கைப் பார்த்துத் தாவினால் மேல்மாவு கிழிந்து, கட்டி மேலே பாய்ந்து தண்டுவடத்தில் இடிக்கும். பெரும்பாலும் கடைசி விலா எலும்பு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான் கிழியும். மருந்து வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், கிழிசலைத் தைக்காது. கிழிசல் தழும்பாகி மூட வாரக் கணக்கு ஆகும், குறைந்தது நாலு வாரம் என்பார்கள், உன் டாக்டர் ஆறு சொன்னால் ஆறு. வேகவைக்கும்போது வாய் பிரிந்த கொழுக்கட்டையைக் கரண்டியால் கிளறினால் என்ன ஆகும் என்று ஆயாவிடம் கேள், பதில் அவரே சொல்வார்.

நான் கெடுத்த கதை. 1998ல், முதுகு போன இரண்டில் முதல் நாய், பெண், பின்கால் தள்ளாட்டம் மட்டும்தான், நடந்துகொண்டுதான் இருந்தாள். மருந்து கொடுத்து அஞ்சாம் நாளே வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஆகா, குணமாகிவிட்டது என்று அவிழ்த்துவிட்டேன். ஒன்பதாம் நாள் தபால்காரனைப் பார்த்து ஓடினாள், கேட் போய்ச் சேரும் முன்னாலேயே இரண்டு காலும் விழுந்துவிட்டது. வலி இல்லாததால் நாய்க்குத் தன் முதுகு கிழிந்திருப்பதே தெரியாது. அதனால் நன்றாக இருக்கும் நாய்க்குத்தான் கூண்டு அதிகம் தேவை, சுருண்டு கிடக்கிற நாய் எங்கே ஓடப் போகிறது? உன் சிம்பா இப்போது சரியாக அந்த ஆபத்தான கட்டத்தில் நிற்கிறான்.

கூண்டு எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும், பெரியதாக இருந்தால் உள்ளேயே குதிக்கும். மேலே மூடி வேண்டும். அதைத் தனி அறையில் வைக்காதே, அதுதான் ஜெயில். ஆயா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வை, அவர் பேச்சுத் துணைக்கு நாய், நாய்க்குத் துணை அவர். குரங்கு தெரியும் ஜன்னல் பக்கம் மட்டும் போர்வையைத் தொங்கவிடு. வெளியே எடுப்பது மலஜலத்துக்கு மட்டும், ஐந்து நிமிஷம். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு மேஜைப் பலகை மாதிரி சமமாக இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்குகிற மாதிரி அக்குளில் பிடித்துத் தூக்கினால் இடுப்புத் தொங்கும், அது கூடாது. புல்லில் விடும்போது ஒரு துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தொட்டில் மாதிரி பிடி. கழுத்துப் பட்டையை எறி, நெஞ்சுப் பட்டை வாங்கு.

பூட்டு ஒன்றும் வாங்கு. சாவியை ஆபீசுக்கு எடுத்துப் போ. ஆயா இரண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதான்.

செல்வி, சாட்ஸ்வொர்த்

நர்ஸ் அக்கா, நீங்கள் சொன்னதுதான் நடந்தது. மத்தியானம் லீவு போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் கையை வைத்ததுமே முகம் மாறிவிட்டது, பை ஒரு பெரிய ஆரஞ்சு அளவு இருந்தது. குழாய் விட்டு எடுத்தார், கலங்கலாக, வாடையோடு வந்தது. தொற்றுதான். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார், சிறுநீர்ப் பையின் வாயிலை இளக்க இன்னொரு மருந்தும். தினம் மூன்று நாலு தடவை நானே எடுக்க வேண்டுமாம். எனக்குக் கையெல்லாம் நடுங்குகிறது, அழுத்தினால் அவன் வயிற்றை இறுக்கிக்கொள்கிறான், வலிக்கிறதோ என்று விட்டுவிடுகிறேன். எப்படிச் செய்வது என்று யாராவது மெதுவாகச் சொல்லுங்களேன்.

தாத்தா, கொழுக்கட்டைக் கதையைச் சொன்னேன். ஆயா ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, "அதை அந்த டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

வெட் நர்ஸ், டர்பன்

நல்லவேளை. இப்போது மெதுவாகச் சொல்கிறேன், எனக்கே இது கைக்கு வர இரண்டு வாரம் ஆனது.

இவனுக்கு அடி முதுகின் நடுப்பகுதியில். அப்படி இருந்தால் பையின் வாய்த் தசை தளராமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் கஷ்டம். இடுப்புக்குக் கீழே அடிபட்ட நாய்க்கு வாய் தளர்ந்து சும்மா ஒழுகும், அதை எடுப்பது சுலபம். வாயிலை இளக்கும் மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, தினமும் அதே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலையை மருந்தே செய்யும்.

கீழே உறிஞ்சும் விரிப்புப் போடுங்கள். நாய்க்குட்டி விரிப்பை விட, மருந்துக் கடையில் முதியோருக்கு விற்கும் பெரிய விரிப்பு வசதி. அவனைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள், அல்லது தம்பி துண்டால் தாங்கிப் பிடிக்க நிற்கவையுங்கள். உங்கள் இரண்டு உள்ளங்கையும் வயிற்றின் இரண்டு பக்கமும், பின்தொடைக்குச் சற்று முன்னால். விரல் நுனியால் குத்தக் கூடாது, விரல்களைத் தட்டையாக வைத்து இரண்டு கையையும் ஒன்றையொன்று நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். உள்ளே தண்ணீர் பலூன் மாதிரி ஒன்று உருளும். அதுதான். முதல் தடவை நழுவும், குடலைப் பிடித்துவிட்டோமோ என்று தோன்றும், விட்டுவிட்டு மறுபடி தேடுங்கள். கிடைத்ததும் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் கொடுத்து, கொஞ்சம் வால் பக்கமாகச் சாய்த்து, அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள். அழுத்தி விட்டு அழுத்தி விட்டுச் செய்யாதீர்கள். அவன் வயிற்றை இறுக்கினால் நீங்கள் இன்னும் பலமாக அழுத்தாமல், கையை எடுக்காமல், சும்மா காத்திருங்கள். ஒரு பெருமூச்சு விடுவான், அப்போது தசை தளரும், உடனே வரும். நான் அந்த நேரத்தில் ஏதாவது பாட்டு முணுமுணுப்பேன், நாய்க்காக இல்லை, என் கை இறுகாமல் இருக்க.

தாரை நின்றதும் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள், மறுபடி தேடுங்கள், பெரும்பாலும் இன்னொரு பங்கு இருக்கும். ஆரஞ்சு எலுமிச்சையாகி, அப்புறம் கைக்கு ஒன்றும் தட்டுப்படாமல் போனால்தான் காலி. எட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். எவ்வளவு முயன்றாலும் வரவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம், பை கிழியும், டாக்டரிடம் போய்விடுங்கள். சிறுநீர் கலங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ சொல்லுங்கள். காபிக் கலரில் வந்து ஈறும் வெளுத்திருந்தால் அது பிலியரியாக இருக்கலாம், உண்ணிக்கு மருந்து போடும் தேதியைக் கூண்டில் இருக்கிறான் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றையும் தொடையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, முழுக்க உலர்த்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் நின்றால் இரண்டே நாளில் தோல் வெந்துபோகும்.

ரவி, மிட்ராண்ட்

செல்வி, எங்கள் வீட்டில் பிரெஞ்ச் புல்டாக். அதற்கும் இதே வியாதி, நாங்கள் அறுவை செய்தோம். பணம் இல்லாததால் செய்யவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. நான் இணையத்தில் தேடித் தேடி என்னையே வதைத்துக்கொண்ட ஆள். பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்: ஆழத்து வலி தெரியும் நாய்களில் அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பது மறுபடி நடக்கும், வலியே தெரியாமல் போனவற்றில் ஏறக்குறையப் பாதிதான். கூண்டு வைத்தியத்தில் அதை விடக் குறைவு, மறுபடி வரும் ஆபத்தும் அதிகம். ஆனால் உங்கள் நாய் இரண்டு வாரத்துக்குள் காலை அசைத்து நின்றிருக்கிறான், அதுவே பெரிய விஷயம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அசைந்த கால் திரும்ப அசையாமல் போனால், அல்லது விரலைக் கிள்ளினால் திரும்பிப் பார்க்காமல் போனால், அது மணிக்கணக்கில் முடிவெடுக்கும் விஷயம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காலைச் சும்மா இழுத்துக்கொள்வது வலி தெரிவதற்கு அடையாளம் இல்லை, அது அனிச்சைச் செயல். தலை திரும்ப வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும்.

உறவினர் ஒருவர் "ஒண்டர்ஸ்டெபூர்ட்டுக்கே கொண்டு போ" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், அது பிரிட்டோரியா பக்கம், தென்னாப்பிரிக்காவின் ஒரே கால்நடை மருத்துவப் பீடம் அங்கேதான், 1920ல் தொடங்கியது, அந்த மரியாதை. ஆனால் டர்பனிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல், முதுகு கிழிந்த நாயைக் காரில் வைத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். தேவைப்பட்டால் பக்கத்தில் இருக்கும் நிபுணரை உங்கள் டாக்டரே சொல்வார்.

உங்கள் மனசு ஆறுவதற்காக இன்னொன்று. குரங்கைக் குற்றம் சொல்லாதீர்கள், படிக்கட்டையும் சொல்லாதீர்கள். குட்டைக் கால் கொடுக்கும் மரபணுவின் ஒரு கூடுதல் நகல் இந்த ஜாதிகளின் 12ஆம் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க்கைச் சீக்கிரம் காயவைப்பதும் அதுதான் என்று 2017ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்தார்கள். அழகு என்று நாம் பார்த்து வாங்கினோமே, அதே கால்தான். எனக்கு இன்னும் அதில் குற்ற உணர்ச்சி போகவில்லை, அது வேறு கதை.

அப்புறம், நீச்சல் குளத்தில் விடு, தண்ணீரில் பாரம் இல்லை என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இப்போது வேண்டாம். பயத்தில் முதுகை முறுக்கித் துள்ளும். பிசியோதெரபி ஆட்கள் தண்ணீருக்குள் ஓடும் பட்டையில் நடக்கவைப்பது வேறு, நீர் மட்டத்தையும் வேகத்தையும் அவர்கள் கையில் வைத்திருப்பார்கள், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகுதான்.

சக்கரநாயகன், பீனிக்ஸ்

ரவி அண்ணன் சொன்ன பாதியின் மறுபாதியில் நான் இருக்கிறேன். என் நாய் நடக்கவே இல்லை. மூன்று வருஷமாகச் சக்கர வண்டியில்தான் ஓடுகிறான், முன்கால் பயில்வான் மாதிரி ஆகிவிட்டது. செல்வி அக்காவுக்கு இது தேவைப்படாமல் போகட்டும், ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் "ஊசி போட்டு அனுப்பிவிடு, அதுதான் கருணை" என்றார்கள். வலியில் துடிக்கும் நாய்க்கு அது கருணையாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் கால் வராத நாய் வேறு, வலியில் இருக்கும் நாய் வேறு. என்னுடையவன் வலி போன இரண்டாவது வாரமே பந்தைக் கேட்டுக் குரைத்தான். துக்கம் எனக்குத்தான் இருந்தது, அவனுக்கு இல்லை.

டைல்ஸ் தரையில் முதலில் கவனம் வையுங்கள் அக்கா. நம் வீடெல்லாம் வெயிலுக்காக டைல்ஸ் போட்டது, பலமில்லாத காலுக்கு அது எண்ணெய் தடவின மாதிரி. யோகா பாய், பழைய கம்பளத் துண்டு, கார் மிதியடி, கைக்குக் கிடைத்ததைப் போடுங்கள். பாதத்தில் விரல்களுக்கு நடுவில் வளரும் முடியை வெட்டுங்கள். பாதம் திரும்பி மேல்பக்கம் தரையில் உரசினால் நகத்தடியில் புண் வரும், தினமும் பாருங்கள். சோபாவுக்குச் சாய்வுப் பலகை செய்யலாம், ஆனால் அது ஆறு வாரத்துக்கு அப்புறம்.

சாப்பாடு. சிம்பா எத்தனை கிலோ? புரட்டாசி மாசம், வீட்டில் கறி இருக்காது, ஆயா நெய் விட்டுப் பருப்புச் சோறு பிசைந்து கொடுக்கிறார் என்று பந்தயம் கட்டுகிறேன், என் அம்மாவும் அதேதான். தாளித்த பருப்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாயின் ரத்தத்துக்கு விஷம். கூண்டில் இருப்பவனுக்குச் சோறு குறைய வேண்டும். அவித்த பூசணிக்காய் ஒரு கரண்டி சேர்த்தால் மலம் இளகும், முக்க வேண்டியதில்லை.

செல்வி, சாட்ஸ்வொர்த்

நாள் 38. பதில் எழுதின எல்லாருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

சிறுநீர் எடுப்பது நாலாம் நாள் கைக்கு வந்தது. பெருமூச்சுக்காகக் காத்திரு என்று அக்கா சொன்னது உண்மைதான், பாட்டும் பாடினேன். 23ஆம் நாள் புல்லில் பிடித்திருந்தபோது அவனே போனான், அப்புறம் நான் அழுத்திப் பார்த்தேன், பை காலியாகத்தான் இருந்தது. டாக்டர் வாயிலை இளக்கும் மருந்தை மெதுவாக நிறுத்தினார். வால் அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டது. துடைக்கும்போது ஆடினது கணக்கில்லை, அது அனிச்சை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆயா காலையில் அறையை விட்டு வரும்போது ஆடியது, அது கணக்கு. இப்போது எட்டுப் பத்து அடி தள்ளாடி நடக்கிறான், இடது கால் இன்னும் குறுக்கே போகிறது. புல்லுக்குப் போகும் அந்த ஐந்து நிமிஷம் தவிரக் கூண்டுதான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் பேசினேன். சும்மா தூங்கவைக்கும் மருந்து வேண்டாம், உடம்பு அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும் என்றார். பயத்தைத் தணிக்கும் டிராசோடோன் கொடுத்தார், ஒரு சாதாரண நாளிலேயே ஒரு வேளை கொடுத்து எப்படி இருக்கிறான் என்று பார்க்கச் சொன்னார். தீபாவளி அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கே சிறுநீர் போகவைத்து, ஜன்னல் இல்லாத நடைபாதையில் கூண்டை வைத்து, மேலே இரண்டு கம்பளி போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டோம். தம்பி எங்கள் வாசலில் மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும்தான் கொளுத்தினான். பக்கத்து வீட்டு அங்கிளிடம் போய்ச் சொன்னேன், பாவம், அவர் பத்தாயிரம் வாலாவைத் தெருக்கோடிக்கு எடுத்துக்கொண்டு போய் வெடித்தார். ஆயா நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே இருந்தார். நடுங்கினான், குதிக்கவில்லை.

சக்கரநாயகன் தம்பி, பந்தயத்தில் ஜெயித்துவிட்டாய். 7.4 கிலோ இருந்தான், மினியேச்சருக்கு 5 கிட்ட இருக்க வேண்டுமாம். இப்போது 7. நெய் டப்பாவை நான் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், மறுநாள் அது கீழே இருந்தது. சாவி மட்டும் இன்னும் என்னிடம்தான்.

ஆறு வாரம் முடிந்த அன்றே திறந்துவிடலாமா, அல்லது படிப்படியாகவா?

மாரிட்ஸ்பர்க் தாத்தா

படிப்படியாகத்தான் அம்மா. முதல் வாரம் கயிற்றில் பிடித்து ஐந்து நிமிஷம், சம தரையில், நாளுக்கு மூன்று தடவை. மெதுவாக நடந்தால்தான் நாலு காலையும் ஊன்றும், வேகமாக விட்டால் முயல் மாதிரி பின்கால் இரண்டையும் சேர்த்துத் தாவும். அடுத்த வாரம் பத்து நிமிஷம். படி, சோபா, கட்டில் இதெல்லாம் இனி ஆயுசுக்கும் இல்லை. முதலில் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும், அவர் தேதி சொல்லாமல் நீயாகத் தொடங்காதே. அந்தப் பின்பக்கச் சுவருக்கு என்ன செய்தாய்?

செல்வி, சாட்ஸ்வொர்த்

பின்கதவுக்கு அரைக்கதவு போட்டாயிற்று தாத்தா. குரங்குகள் இப்போது முன்பக்கம் வருகின்றன.